ஆதிச்சநல்லூர்ப் பரம்பில்

மாணவர்களே, நிசாமுதீன் தொடர்வண்டி நிலையத்திற்கு அருகில் உமாயூன் கல்லறை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். செம்மணற்கல்லும் வெண்பளிங்குமாக ஓர் அரசருக்கு எழுப்பிய மாளிகை அது. அதே நிலையத்தில் வண்டியேறித் திருநெல்வேலியில் இறங்கி, திருச்செந்தூர்ச் சாலையில் சென்றால் வேறொரு துயிலிடத்தைக் காணலாம். அங்கே மாளிகை இல்லை. பெயர் பொறித்த கல்லும் இல்லை. தாமிரபரணியின் தென்கரையில் நூறு ஏக்கருக்கும் மேலாகப் பரந்த மேடு ஒன்றே உண்டு. ஊரார் அதனைப் பரம்பு என்பர். சென்ற கோடை விடுமுறையில் அங்குச் சென்றிருந்தேன்.

மேல்மண்ணுக்குக் கீழே பாறை. அப்பாறையைத் தேனடையின் அறைகளைப் போலக் குடைந்து, குழிகளில் முதுமக்கள் தாழிகளை இறக்கியுள்ளனர். குழிக்கும் குழிக்கும் இடையே பாறையையே சுவராக விட்டுள்ளனர். மண்ணைத் தோண்டுவது எளிது. இறந்தவருக்காகக் கல்லைக் குடைவது எத்தகைய உழைப்பு! அதுவும் 2500 ஆண்டுகளுக்கு முன்னர்! கணவனுக்குத் தாழி வனையும் குயவரிடம், தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனையும்படி வேண்டும் பெண்ணொருத்தியைப் புறநானூறு காட்டுகிறது. அப்பாடலை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். தாழியின் அகலத்தை அன்றுதான் கண்ணால் அளந்தேன்.

1876இல் செர்மானியரான ஜாகோர் இங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். பின்னர், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். அவருக்குக் கிடைத்த பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலக் கலங்களையுமே பலரும் வியந்து பேசுவர். என் மனம் நின்றது வேறொன்றில். தாழிகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்தன என்று ரீ எழுதியுள்ளார். இரும்புக் கருவிகள் முனை கீழ்நோக்கி இருந்தன. துயருற்று நின்றோர் அவற்றை மண்ணில் ஊன்றியிருக்கலாம் என்பது அவர் கருத்து.

நம் ஊர்களில் இறந்தவர் வாயில் உறவினர் அரிசி இடுவர். அதனை வாய்க்கரிசி என்பர். என் தாயார் மறைந்த செய்தி தில்லியில் எனக்கு நள்ளிரவில் எட்டியது. இரண்டு நாள் பயணத்தின் பின் நான் சேர்ந்தபோது, வீட்டைக் கழுவி விட்டிருந்தனர். அந்த ஒரு பிடி அரிசி இன்னும் என் கையிலேயே இருப்பதாகச் சில நாள்களில் தோன்றும். பரம்பில், கண்ணாடித் தளத்தின்மேல் நின்று கீழே வாய் திறந்து கிடந்த தாழியை நெடுநேரம் பார்த்தேன். அதனுள் நெல்லிட்டவர் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தவர்.

கண்ணாடித் தளம் 2023இல் அமைந்தது. ரீ சேகரித்த பொருள்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். பரம்புக்கே செல்வோர் காலையில் செல்க, நிழல் குறைவு.