பூச்சரமும் பெயர்ச்சரமும்

நாற்பது வயதைத் தாண்டிய இந்த வாத்தியார் ஒரு பாடத்தில் தோற்ற கதையைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

2017-ஆம் ஆண்டில் இடைநிலைப்பள்ளி முதலாம் படிவத்தில் ‘அடிப்படைக் கணினி அறிவியல்’ என்ற பாடம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே போய் விழிக்கக்கூடாதே என்று, நானே முதலில் ‘பைத்தான்’ என்னும் கணினி மொழியைப் படிக்கத் தொடங்கினேன்.

என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஏழு பிள்ளைகள். பிரியாவிடை அழைப்பிதழுக்காக ஏழு பெயர்களையும் ஒரே வரியில் கோக்கும்படி கணினிக்குக் கட்டளை எழுதினேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதற்கு ‘மடக்கு’ என்று பெயர். ஒவ்வொரு பெயராக எடுத்து ஒட்டுவது அதன் வேலை. ஆனால் வந்ததோ கடைசிப் பெயர் மட்டும்! மற்ற ஆறும் மாயம். பதிவில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன பாடு என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியாததா? மூன்று இரவு விழித்தும் பிழை பிடிபடவில்லை.

சனிக்கிழமை விழாவுக்கு மாலை வாங்க, பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுன் போனேன். 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அக்காள் பூக்கட்டிக்கொண்டிருந்தார். நூலை ஒரே முறைதான் எடுத்தார். பூக்கள் ஒவ்வொன்றாக அதிலேயே ஏறின.

“ஒவ்வொரு பூவுக்கும் புது நூல் எடுத்தால் என்ன ஆகும், அக்கா?”

“அப்புறம் கையிலே ஒத்தைப் பூதான் சார் நிக்கும்!”

எனக்குச் சுருக்கென்றது. கணினிப் பாடத்திலும் கோத்த எழுத்துகளுக்குச் ‘சரம்’ என்றுதானே பெயர்! பெயர்களைச் சேர்க்க வேண்டிய வெற்றுச் சரத்தை நான் மடக்குக்கு உள்ளே வைத்திருந்தேன். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பழையது அழிந்து புதிதாகத் தொடங்கியது. அந்த ஒரு வரியை மடக்குக்கு வெளியே, முன்னால் வைத்தேன். ஏழு பெயரும் வந்தன!

ஆனால் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் காற்புள்ளி சேர்த்தேன். கடைசிப் பெயருக்குப் பின்னும் ஒன்று தொங்கியது. முதல் பெயரைத் தவிர மற்றவற்றுக்கு முன்னால் காற்புள்ளி வைத்ததும் சரியாயிற்று. இதை ஒரே வரியில் முடிக்க ‘ஜாயின்’ என்ற கட்டளையும் உண்டு. ஆயினும், கையால் கோத்துப் பழகிய பிள்ளைக்கே அதன் சூட்சுமம் புரியும்.

1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. நம் பிள்ளைகள் அங்கே பொருத்தும் வேலையோடு நிற்காமல், கட்டளை எழுதும் வேலைக்கும் போகட்டுமே!

பெற்றோரே, வீட்டில் கணினி இல்லையே என்று கலங்காதீர்கள். இன்று மாலை பிள்ளையிடம் நூலும் பூவும் கொடுங்கள். “முதலில் எதை எடுத்தாய்? எதைத் திரும்பத் திரும்பச் செய்தாய்?” என்று கேளுங்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.