48 ரூபாய் 60 பைசா

எழுதியவன் கம்ப்யூட்டர் பிரிவு என்று தெரிந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் இந்தக் கதையில் சாப்பிட்டிருக்கிறார்கள். இது நம் ஹாஸ்டல் மெஸ் பில் கதை.

ஐந்தாம் செமஸ்டரில் எங்கள் மூன்று பேருக்கு வாய்த்த ப்ராஜெக்ட், டிவைடிங் சிஸ்டம் மெஸ் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஜாங்கோ என்ற ஃப்ரேம்வொர்க்கை எடுத்துக்கொண்டோம். அஸ்திவாரமும் தூணும் போட்டுக் கொடுத்த கட்டடம் மாதிரி அது. சுவரும் பெயின்ட்டும் நம் பாடு. பக்கத்தில் எது எங்கே தெரிய வேண்டும் என்று எழுதும் இடத்துக்கு டெம்ப்ளேட் என்று பெயர். அதற்குள் ‘இதை இப்படிக் காட்டு’ என்று சொல்லும் சின்னக் கட்டளைதான் டேக். டேக்குகளைப் போட்டு வைத்த பெட்டி டேக் லைப்ரரி. ஜாங்கோவே ஒரு பெட்டி தருகிறது. போதாவிட்டால் நாமே செய்து சேர்த்துக்கொள்ளலாம். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

நான் செய்த முதல் டேக்கின் பெயர் ‘தொகை’. எண்ணைக் கொடுத்தால் ரூபாய்க் குறி போட்டு, ஆயிரம், லட்சம் என்று நம் ஊர் வழக்கப்படி காற்புள்ளி வைத்துக் காட்டும். பத்தே வரி. இரண்டு நாள் அதையே ரசித்துக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அப்புறம் ஆரம்பித்தது. “மச்சான், பாக்கி சைபர்னா ‘பாக்கி இல்லை’ன்னு வர்ற மாதிரி பண்ணுடா” என்றான் ஒருவன். சேர்த்தேன். அட்வான்ஸ் கட்டியவர்களுக்கு மைனஸ் குறி வருவது பிடிக்கவில்லை என்றான் இன்னொருவன். சேர்த்தேன். நோட்டீஸ் போர்டு லிஸ்டில் பைசா வேண்டாம் என்றார் வார்டன். ‘பைசாவை வெட்டு’ என்று ஒரு ஆப்ஷன் வைத்தேன். கேட்டவுடன் செய்து தருகிறவன் என்ற பெயர் இருக்கிறதே, அது ஒரு போதை. கடைசியில் என் ப்ராஜெக்ட் பார்ட்னர், “எல்லாப் பக்கத்துலயும் இத டைப் அடிக்க முடியலடா, வெட்டுறதையே டீஃபால்ட்டா வெச்சுடு” என்றான். அதையும் செய்தேன். ஒரே ஒரு வரி மாற்றம்.

அந்த மாதம் ஒரு நாள் செலவு 93 ரூபாய் 40 பைசா வந்தது. 27 நாள் சாப்பிட்டவனுக்கு 2,521 ரூபாய் 80 பைசா. நோட்டீஸ் போர்டிலும் பணம் கட்டும் பக்கத்திலும் தெரிந்தது வெறும் 2,521. எல்லாரும் கண்ணில் பட்டதைக் கட்டினார்கள். ஆனால் வார்டனின் லெட்ஜர் பிரின்ட் என் டேக் வழியாக வரவில்லை. நேராக டேட்டாபேஸிலிருந்து, பைசா குறையாமல் வந்தது. 118 பேர் கணக்கில் 48 ரூபாய் 60 பைசா உதைத்தது.

சின்னத் தொகைதானே என்பீர்கள். மெஸ் செக்ரட்டரியாக இருந்த இரண்டாம் ஆண்டுத் தம்பியிடம் போய்ச் சொல்லுங்கள்! “வசூல் பண்ணினது நீ, பணம் எங்கே?” என்று ஆபீஸில் நிற்க வைத்துவிட்டார்கள். மெஸ் ஹாலில் அவன் தட்டோடு வரும்போது, “டேய், இன்னிக்கு டீ யார் காசு?” என்று கேட்டுச் சிரித்தவர்களில் முதல் நாள் நானும் ஒருவன். கோளாறு என்னுடையது என்று அப்போது எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் ராத்திரி லேப்பில் லெட்ஜரையும் லிஸ்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. காலையில் வார்டனிடம் போய்ச் சொன்னேன். தம்பி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “சரிண்ணே” என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை.

லேப் சார் திட்டவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்: “காசை வெட்டுறது கணக்கோட வேலையா, காட்டுறவனோட வேலையாப்பா?” மெக்கானிக்கல் ரூம்மேட் வேறு மாதிரி கேட்டான்: “ஒரே ஒரு பீஸ் ட்ரில் பண்றதுக்கு எவனாவது ஜிக் செய்வானா?”

அதன்பிறகுதான், ஜாங்கோவைச் செய்தவர்கள் தங்கள் பெட்டியில் எதை எப்போது சேர்த்தார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005 ஜூலையில் வெளியே வந்தது ஜாங்கோ. டெம்ப்ளேட்டுக்குள் கணக்குப் போடும் மொழி நுழையக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அதனால் ஆரம்பத்தில் ‘இஃப்’ டேக்கால் இரண்டு மதிப்புகளை ஒப்பிட முடியாது. சமமா என்று பார்க்க ‘இஃப்ஈக்வல்’ என்று தனி டேக். பெரியதா, சிறியதா என்று பார்க்க அதுவும் கிடையாது. ஆளாளுக்குச் சொந்தமாக எழுதிக்கொண்டார்கள். 2010 மே மாதம் வந்த 1.2 பதிப்பில்தான் இஃப் டேக்குக்கே ஒப்பிடும் வித்தை வந்தது. அந்த நிமிஷமே இஃப்ஈக்வலுக்கு வேலை போயிற்று. ஆனால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தது எப்போது தெரியுமா? 2021 டிசம்பரில், 4.0 பதிப்பில்! பதினோரு வருஷத்துக்கும் மேல். உலகம் முழுக்க எத்தனை டெம்ப்ளேட்டில் அந்தப் பெயர் உட்கார்ந்திருக்குமோ, பட்டென்று பிடுங்க முடியுமா? என் ‘தொகை’யை 23 பக்கங்களிலிருந்து பிரித்தெடுக்கவே எனக்கு ஒரு வாரமும் ஒரு யூனிட் டெஸ்டும் போனது.

அதற்காக அவர்கள் செய்ததெல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். பெயர் லிஸ்டை ஒரு பிளாக்குக்கு மட்டும் வடிகட்டிவிட்டு அடுத்த பக்கம் போனால் வடிகட்டியது கலைந்துவிடும்; அட்ரஸில் பழையதை வைத்துக்கொண்டு பக்க எண்ணை மட்டும் மாற்றிக் கொடுக்கும் டேக் பெட்டியில் இல்லை. ஜாங்கோ தொட்டவர்கள் அநேகமாக எல்லாரும் இதில் முட்டியிருப்பார்கள். ‘க்வெரிஸ்ட்ரிங்’ என்ற பெயரில் அது வந்தது 2024 ஆகஸ்டில், 5.1 பதிப்பில். பத்தொன்பது வருஷம்! இது ரொம்ப ஓவர். எனக்குப் பிடித்தது 2025 டிசம்பரில் 6.0 பதிப்பில் வந்த ‘பார்ஷியல்’ டேக்தான். டெம்ப்ளேட்டின் ஒரு துண்டுக்குப் பெயர் வைத்துத் தனியாக எடுத்தாளும் வசதி. முதலில் வெளியே தனி பேக்கேஜாக இருந்தது. வேண்டியவர்கள் போட்டுக்கொண்டார்கள், அடிபட்டுத் தேறியது, பிறகு உள்ளே வந்தது.

இப்போது என் மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் எது கேட்டாலும் தேதி போட்டு எழுதுகிறேன். அதே தேவை வேறு பக்கத்திலும் வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்த பிறகுதான் கை வைப்பது. விழுந்தாலும், இது காட்டுகிற வேலையா, கணக்கு வேலையா என்று முதலில் பார்ப்பது. கணக்கு என்றால் டேக்கில் இடமில்லை. ‘கேட்டவுடன் செய்கிறவன்’ பெயர் போய் ‘நோட்டுக்காரன்’ ஆகிவிட்டேன்.

போன வாரம் அந்தத் தம்பியே லேப்புக்கு வந்தான். “அண்ணே, எக்ஸ்ட்ரா முட்டை வாங்குனவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு ஸ்டார் போட்டு வர்ற மாதிரி பண்ண முடியுமா?” அவன் கேட்டு மறுப்பதா! விரல் கீபோர்டுக்கே போய்விட்டது. அவனே நோட்டை இழுத்து, தேதி போட்டு எழுதி, ஒரு கோடு கிழித்துவிட்டு மெஸ்ஸுக்குப் போனான்.

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்