கிராம்பு போடாத கிராம்பு வாசம்

பெல்ஜியத்துக்காரங்க பீர் விஷயத்துல கொஞ்சம் கிறுக்கு பிடிச்சவங்க. டிசம்பர் குளிருக்குன்னே தனியா ஒரு சரக்கு காய்ச்சுறாங்க. இந்த தடவை கையில சிக்கினது செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்மஸ் ஏல். ஊர் வாட்டூ, பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்துல. 1946லேர்ந்து 1992 வரைக்கும் வெஸ்ட்விளெட்டரன் மடத்துப் பீரை உரிமம் வாங்கிக் காய்ச்சின ஆலை இதுதான்.

ஐஸ் மாதிரி குடிச்சா பாதி வாசனை வெளியவே வராது. ஃப்ரிஜ்லேர்ந்து எடுத்து கால் மணி நேரம் வெளில வெச்சு, அகலமான கோப்பையில ஊத்தினேன். கருப்பட்டிப் பாகு நிறம், மேல தடியா நுரை. மூக்குகிட்ட கொண்டுபோனா கிராம்பு, உலர்திராட்சை, லேசா வாழைப்பழம். வேடிக்கை என்னன்னா, இந்த மாதிரி பீர்ல கிராம்பு வாசத்துக்குக் கிராம்பே வேண்டாம். ஈஸ்ட்டே அதைப் பண்ணிடும். வாழைப்பழமும் அதோட கைங்கர்யம்தான். தனியா மசாலா அள்ளிப் போடுற ஆலைங்களும் உண்டு. அதுல சிலது, என்னைக் கேட்டா, பிரியாணி அண்டா கழுவின தண்ணி.

இனிப்பு ஆளை ஏமாத்தும். ஆல்கஹால் 10%. 330 மி.லி. குட்டி பாட்டில்தானேன்னு நினைக்காதீங்க, 5% பீர் 650 மி.லி. முழு பாட்டிலுக்குச் சமம். கூட இருந்த நண்பர் ரெண்டை மடமடன்னு இறக்கிட்டு, 'ஸ்டெடியாதான் இருக்கேன்'னு கார் சாவியைத் தேடினார். சாவி அரிசி டப்பாவுக்குள்ள போயாச்சு. முறைச்சுட்டு சோபாவுலயே தூங்கினார். காலையில இட்லி சாப்பிடும்போதும் முகம் கொடுத்துப் பேசலை. பேசாட்டிப் போறார், ஆள் முழுசா வீடு போய்ச் சேர்ந்தார். மூணாவது பாட்டில் எனக்கு மிச்சம் :-)