ரூவன் நகரின் கற்கோபுரம்

பிரான்சின் வடபகுதியில், செய்ன் நதிக்கரையில் அமைந்துள்ள நகரம் ரூவன். 1204இல் நோர்மண்டியைக் கைப்பற்றிய இரண்டாம் பிலிப் மன்னன் இங்கு கட்டுவித்த கோட்டையில் இன்று நிமிர்ந்து நிற்பது வட்டமான ஒரு கற்கோபுரம் மட்டுமே. அதனை ஜோன் ஒவ் ஆர்க் கோபுரம் என்கின்றனர். ஆனால் அவர் சிறைவைக்கப்பட்டிருந்தது இதிலல்ல. பின்னாளில் இடிக்கப்பட்ட வேறொரு கோபுரத்திலாகும்.

ஆயினும் 1431 மே 9ஆம் திகதி நீதிபதிகள் அவரை இக்கோபுரத்துக்கே கொண்டுவந்தனர். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்தினர். சுமார் 19 வயதான அந்தக் கிராமத்துப் பெண் அசையவில்லை. உடலைச் சிதைத்தாலும் வேறெதுவும் சொல்லப்போவதில்லை, அப்படிச் சொல்ல நேர்ந்தாலும் அது பலவந்தத்தால் பெறப்பட்டதென்றே பின்னர் கூறுவேன் என்றார். மே 30இல் சந்தைச் சதுக்கத்தில் அவரை உயிருடன் எரித்து, சாம்பலைச் செய்ன் நதியில் வீசினர்.

கதை அத்துடன் முடியவில்லை. 1455இல் அவரது தாய் இசபெல் ரோமே பாரிஸ் நோட்ரடாம் தேவாலயத்தில் மகளுக்காக நீதி கேட்டு நின்றார். மறு ஆண்டே அத்தீர்ப்பு செல்லாதென ரூவன் நகரிலேயே அறிவிக்கப்பட்டது.

19ஆம் நூற்றாண்டில் மக்கள் பணம் சேர்த்து இக்கோபுரத்தை அழிவிலிருந்து மீட்டனர். அன்புச் சகோதரிகளே, இதனைக் காண்போர் மகளின் உறுதியோடு, 24 ஆண்டுகள் கடந்தும் ஓயாத தாயின் குரலையும் நினைக்கவேண்டும்.