மஞ்சள் பொலித்தீன்

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் எங்கள் பட்டிப்பொலவில்தான் இருக்கிறது, 1,891 மீற்றர். அந்தக் குளிருக்குள் வாப்பா குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் 1998இல் உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். விதைக்கிழங்குக்காக உம்மாவின் காப்பு இரண்டும் அடகுக்குப் போயிருந்தன.

செடி முழங்காலளவு வந்த நேரம் அடியிலைகள் பழுப்பாகிக் காய்ந்தன. "கருகல்தான்" என்றார் வாப்பா. ஈரக்காலத்தில் கிழங்குச் செடிக்கு வரும் நோய் அது. அதற்குரிய மருந்தை இரண்டு முறை அடித்தோம். நிற்கவில்லை.

பிறகு வந்த விவசாயப் போதனாசிரியர் ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இங்க வாங்க தம்பி" என்றார். நடு நரம்பை ஒட்டிக் கோணல்மாணலாக ஒரு வெளிறிய பாதை. அதன் முடிவில், இலையின் இரண்டு தோலுக்கும் இடையே, ஒரு சின்னப் புழு நெளிந்தது. மேலிலைகளில் ஊசியால் குத்தினாற்போல வெள்ளைப் புள்ளிகள். பெண் ஈ துளையிட்டுச் சாறு குடித்த இடங்கள் அவை. சிலவற்றில் முட்டையும் இருக்கும். ஈயோ இரண்டு மில்லிமீற்றர்தான். கறுப்பு உடம்பில் மஞ்சள் பொட்டு. தென்னமெரிக்காவிலிருந்து பரவி 1990களில் மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்த இலைச்சுரங்க ஈ.

பெயர் தெரிந்தபின் எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்லவேண்டும். போதனாசிரியர் தடுத்தும் கேட்காமல் வாப்பா கடனுக்குக் கடுமையான மருந்துகளை வாங்கினார். நாலு நாளைக்கு ஒருமுறை அடித்தோம். அடிக்க அடிக்க ஈ கூடியது. புழு இலைக்குள்ளே பத்திரமாக இருந்தது; வெளியே பறந்து திரிந்து அந்தப் புழுவின்மேல் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளோ செத்தன. பெருவின் கன்யேத்தே பள்ளத்தாக்கில் கிழங்கு செய்தவர்களுக்கும் இதே கதி நேர்ந்ததைப் பின்னாளில் வாசித்தேன். லீமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் அவர்களுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியைப் பழக்கியதாம்.

அந்தப் போகத்தில் பாதிக் கிழங்குகூடத் தேறவில்லை. ஒரு காப்பு மீண்டது, மற்றது ஏலத்தில் போனது. உம்மா அதைப்பற்றிப் பேசியதே இல்லை.

அடுத்த முறை தொடக்கத்திலேயே மஞ்சள் பொலித்தீனில் கிறீஸ் பூசி வரப்போரம் கட்டினோம். மஞ்சளைக் கண்டால் ஈ தானாக வந்து ஒட்டும். பொலித்தீன் கறுத்தால் துடைத்துத் திரும்பவும் பூசுவது என் வேலை. மருந்து டேங்க் கொட்டிலில் தூசு பிடித்துக் கிடந்தது. வாப்பாவுக்குக் கை துறுதுறுத்ததும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் அவர் ஓர் இலைச் சுரங்கத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். புழு செத்துக் கிடந்தது. பக்கத்திலே பச்சையாக மினுங்கும் ஏதோவொன்று, கடுகிலும் சிறியது.

"இது நம்மட ஆளா, அவங்கட ஆளா?"

"நம்மட ஆள்தான் வாப்பா."

இலையை மெதுவாகச் செடியடியில் வைத்துவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.