பிடுங்கினால் என்ன ஆகும்

ஜூன் 9, இரவு

எண்ணூர் பக்கம் ஒரு யார்டு. எடை மேடையில் லாரி நிற்கிறது, திரையில் எண் அசையவில்லை. எடைக்கருவியின் யுஎஸ்பி ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துளையில் போனை சார்ஜ் போட்டிருக்கிறார் ஷிஃப்ட்காரர். திரும்பச் செருகியும் எடையைப் படிக்கும் பெட்டி எழவில்லை. வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் மேல் ஹாரன். அவரைத் திட்டி என்ன பயன்? பெட்டிக்குள் ஓடும் குட்டிக் கர்னல் நான் எழுதியது. பூட் ஆகும்போது கண்ணில் பட்ட கருவிகளை மட்டும்தான் அதற்குத் தெரியும்.

ஜூன் 11

ஓடும்போதே கருவியைச் செருகவும் பிடுங்கவும் விடும் ஹாட்பிளக் வேலை ஆரம்பம். 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6-இன் பிரிப்பையே எடுத்துக்கொண்டேன்: பஸ், டிவைஸ், டிரைவர். பஸ் கல்யாணத் தரகர் மாதிரி. புது டிவைஸ் வந்தால் டிரைவர் பட்டியலைப் புரட்டும். டிரைவர் பிந்தி வந்தால் டிவைஸ் பட்டியலை.

வருகை சுலபம். செருகியதும் கருவிக்குள் இருக்கும் 1.5 கிலோஓம் மின்தடை ஒரு டேட்டா கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தும், ஹப் கவனித்துவிடும். கை நடுக்கம் அடங்க 100 மில்லிசெகண்ட் பொறுத்து, ரீசெட். புதிதாக வரும் எல்லோருக்கும் முதலில் முகவரி பூஜ்யம், பிறகுதான் 1 முதல் 127-க்குள் ஒன்று. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு பேரை உள்ளே விடக்கூடாது. யார்டு கேட்டிலும் அதே சட்டம்தான்.

ஜூன் 12

ராயபுரத்தில் அக்கா வீடு. மாமா ரீஃபர் (குளிர்சாதன) கன்டெய்னர்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எலக்ட்ரீஷியன். 440 வோல்ட், 32 ஆம்ப். "ஸ்விட்ச் ஆன்ல இருந்தா பிளக்கு கையோட வராதுடா, பூட்டிக்கும். எர்த்து பின்னு முதல்ல தொடும், கடைசியாத்தான் விடும்" என்றார். யுஎஸ்பியிலும் கரண்ட் பின்கள் டேட்டா பின்களைவிட நீளம். அதையும் யாரோ ஒரு மாமா யோசித்திருக்கிறார். ஆனால் பூட்டு மட்டும் இல்லை. யாரும் எப்போதும் பிடுங்கலாம்.

ஜூன் 14

மூன்று நாளாக வருகைக்கே கோட் எழுதியிருக்கிறேன். வம்பு முழுக்க போவதில் இருக்கிறது. ஒயரைப் பிடுங்கினேன், கர்னல் செத்தது. எடை வரும் என்று ஒரு நிரல் ரீட் அழைப்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது; நானோ கருவி போனதும் அதன் நினைவகத்தை விடுவித்துவிட்டேன். வீட்டை இடிக்கும் முன் உள்ளே தூங்குகிறவனை எழுப்ப வேண்டாமா?

மாற்றி எழுதினேன். முதலில் 'செத்தது' என்று முத்திரை, புதிதாக யாரும் திறக்க முடியாது. பிறகு தூங்குகிறவர்களை 'கருவி இல்லை' என்ற பிழையோடு எழுப்புவது. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை பூஜ்யமானால்தான் நினைவகம் திரும்பும்.

1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98-இல் ஸ்கேனரைச் செருகியதும் நீலத்திரை வந்ததே, அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்த்தேன். ஒரு ஆறுதலுக்கு.

ஜூன் 15

புதுத் தலைவலி. பழைய பெயரை நிரல் இன்னும் விடாததால், திரும்பச் செருகிய ஒயர் 0 என்ற பெயரை விட்டு 1 என்று எழுந்தது. நிரல் 0-வையே கட்டிக்கொண்டு அழுகிறது. சீரியல் எண்ணை வைத்துப் பெயர் சூட்டலாம் என்றால், ஒயரில் இருக்கும் இந்த மலிவு கன்வர்ட்டரில் அந்த எண்ணே இல்லை. ஆகவே எந்தத் துளையில் செருகியதோ அதுவே பெயர். பெட்டியில் அந்தத் துளையைச் சுற்றி நெயில் பாலிஷ் பூசினேன், அக்காவுடையது.

ஜூன் 17

யார்டில் சோதனை. ஷிஃப்ட்காரரையே பிடுங்கச் சொன்னேன்; ரொம்ப உற்சாகம். கர்னல் அசையவில்லை, எண் திரும்பி வந்தது. ஆனால் நடுவில் ஒரு லாரிக்கு 1,846 கிலோ என்று சீட்டு அடித்தது. உண்மையில் 18,460. கடைசி இலக்கம் வருவதற்குள் ஒயர் கையில் வந்துவிட்டது. கிடைத்த அரை வரியை நிரல் முழு எடை என்று எடுத்துக்கொண்டது. வரிமுடிவுக் குறி வராததைக் குப்பையில் போட வேண்டியது கர்னல் அல்ல, மேலே ஓடும் நிரல். சீட்டைக் கிழித்து டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நாளை காலை முதல் வேலை அதுதான்.