விமானம் நின்ற மாலை

அறிவியல் படிப்பவனுக்கு ஒரு செருக்கு உண்டு. யார் எதைக் கேட்டாலும் தன்னிடம் விடை இருக்கிறது என்னும் செருக்கு. சென்ற ஐப்பசியில் ஒரு நாள், சங்குமுகம் கடற்கரையில், நான்கு வயதுக் குழந்தை ஒருத்தி என்னிடமிருந்து அதைப் போக்கினாள்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குக் குடிவந்து ஆறு திங்கள்கூட ஆகவில்லை. விடுப்பு முடிந்து துபாய்க்குத் திரும்பிய அத்தானை வழியனுப்ப வந்த அக்காள், குழந்தைகளுடன் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். அத்தான் போன நாளிலிருந்து சின்னவள் சரியாகச் சாப்பிடவில்லை. வானத்தில் இரைச்சல் கேட்டால் ஆச்சியின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். "பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினால் பயம் தெளிந்துவிடும்" என்றேன் நான். ஒரு நாள் பிற்பகல் வகுப்பு இல்லை என்றார்கள். காரணம் கேளாமலே, அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையுடன் நால்வரும் புறப்பட்டோம்.

பேருந்தில் மூத்தவனுக்குப் பாடம் நடத்தினேன். "சன்னலோரம் உள்ளங்கையைச் சற்றே சாய்த்துப் பிடி. காற்று கையை மேலே தள்ளுகிறதல்லவா? விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். அது காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று அதை மேலே தள்ளுகிறது." அவன் தலையாட்டினான். வரலாற்றையும் விடவில்லை. 1932-இல் கோதவர்ம ராஜா முயற்சியால் இங்கே விமானத்தளம் தோன்றியதையும், 1935-இல் டாட்டா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து வந்து இறங்கியதையும், 1991-இல் இது பன்னாட்டு நிலையம் ஆனதையும் வரிசையாகச் சொன்னேன். சின்னவள் எதையும் கேட்கவில்லை. அக்காளின் மடியை இறுகப் பற்றியிருந்தாள்.

சங்குமுகத்தில் கடலுக்கும் ஓடுபாதைக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. மணலில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தோம். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. காக்கை பறந்தது; பருந்து பறந்தது; விமானம் மட்டும் பறக்கவில்லை. "ஏன் மாமா?" என்றான் மூத்தவன். காற்றின் திசை மாறியிருக்கும் என்று துணிந்து ஒரு பொய் சொன்னேன். பக்கத்தில் கடலை விற்ற பெரியவர் சிரித்துவிட்டார். "இன்று ஆறாட்டல்லவா, தம்பி? இரவு ஒன்பது மணிவரை ஒன்றும் பறக்காது."

அப்போதுதான் அரைநாள் விடுமுறையின் காரணம் விளங்கிற்று. பங்குனியிலும் ஐப்பசியிலும், ஆண்டுக்கு இருமுறை, பத்மநாபசுவாமி கடலாட எழுந்தருளுகிறார். ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்தே கடற்கரைக்கு வரவேண்டும். விமான நிலையம் வருமுன்பே இருந்த வழி அது. ஆகவே விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவித்து, ஏறத்தாழ 5 மணி நேரம் ஓடுபாதையை மூடிவிடுகிறார்கள்.

அந்திநேரத்தில் ஊர்வலம் வந்தது. யானை முன்னே வந்தது. பழைய திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வாளேந்தி நடந்து வந்தார். கருட வாகனங்களில் பத்மநாபரும் நரசிம்மரும் கிருஷ்ணரும் வந்தார்கள். என் தோளில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்த சின்னவளுக்கு, விமானம் வராததன் காரணத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"சாமிக்காக நிறுத்துறாங்களே, அப்பா போனப்போ ஏன் மாமா நிறுத்தலை?"

அக்காள் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வீட்டுக் கடனையும் மாதத் தவணையையும் நான் அறிவேன். அவற்றை நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லும் மொழியை நான் அறியேன். பேருந்தில் அவ்வளவு பேசிய வாய் மூடிக்கொண்டது.

ஊர்வலம் திரும்பியது, கூட்டமும் கலைந்தது. பேருந்துக்காக நின்றபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. இருட்டிலிருந்து இரு விளக்குகள் மெல்லத் தாழ்ந்து வந்தன. இரைச்சல் நெருங்கியது. சின்னவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முகத்தை மறைக்கவில்லை.

"இது போறதா, வாறதா?"

"வருகிறது, அம்மா."

"வாறதும் உண்டா?"

"உண்டு. போகிற விமானமெல்லாம் ஒரு நாள் திரும்பி வரும்."

சக்கரங்கள் தரையைத் தொடும்வரை அவள் இமைக்காமல் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே கையசைத்தாள்.

அவள் முதலில் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. வீடு திரும்பியதும் மிஞ்சிய புளியோதரையை அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.